நியூபோர்ட் கடலோர மாளிகைகள்: எதை, எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது

நியூபோர்ட் போகிற பலரும் ஒரே நாளில் நாலு மாளிகையைப் பார்த்து முடிக்கப் பார்க்கிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாஸ்டனிலிருந்து விடிகாலையில் கிளம்பினோம். மூன்றாவது வீட்டுக்குள் நுழையும்போதே எந்தக் கூரை எந்த வீட்டினுடையது, எது யாருடைய படுக்கையறை என்று எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. நாலாவது வீட்டில் அம்மா வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் ஒரு கேள்வி கேட்டார்: "இவ்வளவு பெரிய வீட்டை யாருப்பா பெருக்கித் துடைச்சிருப்பாங்க?"

அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் பதில் இருக்கிறது. தங்க முலாமும் பளிங்கும் மட்டும் பார்த்தால் இரண்டாவது வீட்டிலேயே அலுத்துவிடும். அந்தத் தங்கத்தைத் துடைத்தவர்கள் எந்தப் படியில் ஏறினார்கள், எங்கே தூங்கினார்கள், கரி எந்த வழியாக உள்ளே வந்தது என்றும் சேர்த்துப் பார்த்தால், திரும்பி வந்த பிறகும் நாள்கணக்கில் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். இந்த வழிகாட்டியை அந்தக் கேள்வியை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். இரண்டு நாள், நாளுக்கு இரண்டு வீடு. ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் இரண்டே வீடு போதும், எவை என்று கீழே சொல்கிறேன்.

போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது

நியூபோர்ட் அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டில், அக்விட்னெக் தீவின் தென்கோடியில் இருக்கிறது. 1639-இல் உருவான ஊர். 18-ஆம் நூற்றாண்டில் இது பெரிய வணிகத் துறைமுகம், அந்த வணிகத்தில் அடிமை வணிகமும் அடக்கம். சுதந்திரப் போரின்போது ஆங்கிலேயப் படை ஊரைப் பிடித்துவைத்திருந்ததில் துறைமுகம் நொடித்துப்போனது. அப்புறம் 1830-களில் தென் மாநிலங்களின் தோட்ட முதலாளிகள் கோடை வெயிலுக்குத் தப்பி இங்கே வர ஆரம்பித்தார்கள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு நியூயார்க் பணம் வந்தது: ரயில், நிலக்கரி, வெள்ளி. ஆளுக்கொரு அரண்மனை கட்டிக்கொண்டு அதைக் 'காட்டேஜ்', அதாவது குடில், என்றார்கள். எழுபது அறை உள்ள வீட்டுக்கும் அதே பெயர்தான், இன்றும் அந்த ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள். வருடத்தில் அவர்கள் இங்கே தங்கியது கோடையில் சில வாரங்கள் மட்டும்.

1913-இல் மத்திய அரசின் வருமான வரி வந்தது, பிறகு போர்கள் வந்தன, வீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பது குறைந்தது. ஒவ்வொரு வீடாகக் காலியாகி, சில இடிக்கப்பட்டும் போயின. 1945-இல் 'பிரிசர்வேஷன் சொசைட்டி ஆஃப் நியூபோர்ட் கவுண்டி' என்ற அமைப்பு தொடங்கியது. இன்று நாம் உள்ளே போய்ப் பார்க்கும் மாளிகைகளில் பெரும்பாலானவை இவர்களுடைய பொறுப்பில் இருப்பவை. டிக்கெட்டும் இவர்களுடைய இணையதளத்தில்தான்.

எப்போது, எப்படிப் போவது

செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் கடைசி வரை போங்கள். கடற்காற்று இதமாக இருக்கும், மரங்கள் நிறம் மாறத் தொடங்கியிருக்கும், முக்கியமான வீடுகள் எல்லாம் திறந்திருக்கும். ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகளில் வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் ஃபோர்ட் ஆடம்ஸ் கோட்டையில் நாட்டுப்புற இசை விழா, ஜாஸ் விழா என்று அடுத்தடுத்து நடக்கும், இசைக்காகப் போகிறவர்களைத் தவிர மற்றவர்கள் அந்த நாட்களை விட்டுவிடுவது நல்லது. நவம்பர் பாதிக்குமேல் புத்தாண்டு வரை பிரேக்கர்ஸ், எல்ம்ஸ், மார்பிள் ஹவுஸ் மூன்றிலும் கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்திருப்பார்கள். அது தனி அழகுதான், ஆனால் கடலோர நடை குளிரில் கஷ்டம். குளிர்காலத்தின் நடுவில் பல வீடுகள் மூடியிருக்கும். பிரேக்கர்ஸ் மட்டும் கிட்டத்தட்ட வருடம் முழுவதும் திறந்திருக்கும்.

பாஸ்டனிலிருந்து சுமார் 115 கிலோமீட்டர், காரில் ஒன்றரை மணி நேரம். நியூயார்க், நியூஜெர்சிப் பக்கமிருந்து வருகிறவர்கள் நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் 1969-இல் திறந்த பெல் பாலம் வழியாக வருவார்கள், அதற்கு டோல் உண்டு. பாஸ்டனிலிருந்து 24-ஆம் நெடுஞ்சாலை வழியாக வந்தால் இந்தப் பாலத்தைத் தொடவே வேண்டாம். கார் இல்லாவிட்டாலும் வரலாம்: ரயிலில் பிராவிடன்ஸ் வந்து அங்கிருந்து ரிப்டா எனப்படும் மாநிலப் பேருந்தில் 60-ஆம் எண்ணைப் பிடித்தால் நியூபோர்ட் கொண்டுவந்து விடும். ஊருக்குள், மாளிகைகள் பலவும் இருக்கும் பெல்வியூ அவென்யூ நெடுக 67-ஆம் எண் ஓடுகிறது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போனால் இந்த 67 பெரிய உதவி, ஏனென்றால் வீட்டுக்கு வீடு தூரம் வரைபடத்தில் தெரிவதைவிட அதிகம்.

டிக்கெட்

ஒரு வீட்டுக்கு மட்டும் தனி டிக்கெட் உண்டு, இரண்டு மூன்று வீடுகளைச் சேர்த்து வாங்கும் டிக்கெட்டும் உண்டு. விலையும் சேர்க்கையும் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே கிளம்பும் வாரத்தில் இணையதளத்தைப் பாருங்கள். சேர்த்து வாங்கினால் மலிவு என்பதற்காக அதிக வீடுகளை வாங்கிவிட வேண்டாம். நாங்கள் அந்தக் கணக்கில்தான் நாலு வீடு வாங்கினோம்.

முன்கூட்டியே பதிவு செய்தே ஆகவேண்டியவை இரண்டு. எல்ம்ஸில் பணியாளர்களின் வாழ்க்கையைக் காட்டும் 'சர்வன்ட் லைஃப்' சுற்று ஒன்று, பிரேக்கர்ஸின் நிலவறைச் சுற்று இன்னொன்று. இரண்டுக்கும் வழிகாட்டி கூடவே வருவார், சிறு குழுவாகத்தான் அழைத்துப் போவார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். முதலில் இவற்றுக்கு நேரம் பிடியுங்கள், மற்ற வீடுகளை அதைச் சுற்றி வைத்துக்கொள்ளலாம். வழக்கமான சுற்றுக்கு உங்கள் போனிலேயே செயலியை இறக்கிக்கொண்டு கேட்கலாம், ஆகவே இயர்போன் எடுத்துப் போங்கள். செயலியை விடுதியில் இருக்கும்போதே இறக்கி வைத்துவிடுங்கள்.

முதல் நாள் காலை: பிரேக்கர்ஸ்

திறக்கும் நேரத்துக்கே வாசலில் நில்லுங்கள். பத்தரை மணிக்குமேல் சுற்றுலாப் பேருந்துகள் வர ஆரம்பித்தால் கூடத்தின் நடுவில் நின்று நிமிர்ந்து பார்க்கக்கூட இடம் இருக்காது.

ரயில் முதலாளி இரண்டாம் கொர்னீலியஸ் வாண்டர்பில்ட் இந்த இடத்தை 1885-இல் வாங்கியபோது இங்கே இருந்தது மரவீடு. அது 1892-இல் தீப்பிடித்து எரிந்துபோனது. அடுத்த வீடு எரியவே கூடாது என்று அவர் சொல்ல, கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மோரிஸ் ஹன்ட் இரும்பு உத்திரம், செங்கல், சுண்ணாம்புக்கல் என்று 1893-லிருந்து 1895-க்குள் எழுபது அறைகளைக் கட்டி முடித்தார். கொதிகலனை வீட்டுக்குள் வைக்காமல் தெருவோரக் காவலர் குடிலின் அடியில் வைத்து, அங்கிருந்து சுரங்கம் வழியாகக் குழாய்களைக் கொண்டுவந்தார். நிலவறைச் சுற்றில் நீங்கள் நடந்துபோவது அந்தச் சுரங்கத்தில்தான். மேலே மாளிகையைப் பார்த்து முடித்த கையோடு கீழே போவது நல்லது, இப்போதுதான் பார்த்த அறைகளுக்கு வெந்நீரும் வெப்பமும் எங்கிருந்து வந்தன என்று புரியும்.

மேலே எதில் நேரம் செலவிடுவது? கூடத்தை எல்லோரும் பார்ப்பார்கள், ஐம்பது அடி உயரம், பார்க்காமல் இருக்க முடியாது. எனக்குப் பிடித்தவை வேறு சில. நூலக அறையில் ஒரு கல் கணப்பு இருக்கிறது, பிரான்ஸில் 16-ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்றிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது. அதில் பழைய பிரெஞ்சில் பொறித்திருப்பதன் பொருள், செல்வத்தைப் பார்த்துச் சிரிக்கிறேன், அது இல்லையென்று ஏங்குவதில்லை, கடைசியில் அறிவு ஒன்றே மிஞ்சும் என்பது. அந்த வீட்டில் நின்று அதைப் படிக்கும்போது நிஜமாகவே கொஞ்ச நேரம் நகரத் தோன்றாது. அப்புறம் குளியலறை: தொட்டியில் நாலு குழாய், நல்ல தண்ணீர் சூடாகவும் குளிர்ச்சியாகவும், கடல்நீர் சூடாகவும் குளிர்ச்சியாகவும். காலை அறைச் சுவரில் வெள்ளிபோல மின்னுவது வெள்ளி அல்ல, பிளாட்டினத் தகடு. வெள்ளி கறுத்துவிடும், பிளாட்டினம் கறுக்காது.

சமையலறையை அவசரமாகக் கடக்காதீர்கள். நீளமான மேஜை, வரிசையாகத் தொங்கும் செம்புப் பாத்திரங்கள், பக்கத்தில் வெள்ளிச் சாமான்களைப் பூட்டிவைக்கும் பெட்டகம். அம்மா அன்று நிதானமாக நின்று பார்த்த ஒரே அறை அதுதான். செம்பைத் துலக்கிப் பழகியவருக்குத்தான் அந்த வரிசையின் கனம் தெரியும்.

இன்னொரு விஷயம். வீடு முடிந்து நாலே வருடத்தில், 1899-இல், வாண்டர்பில்ட் இறந்துவிட்டார். கடைசி மகள் கிளாடிஸ் 1948-இல் இதை வருடம் ஒரு டாலர் வாடகைக்குச் சொசைட்டிக்குக் கொடுத்தார். 1972-இல் சொசைட்டி அதை 3,65,000 டாலருக்கு வாங்கியது. அதற்குப் பிறகும் குடும்பத்தின் வழிவந்தவர்கள் மூன்றாவது மாடியில் 2018 வரை வாழ்ந்தார்கள்.

முதல் நாள் மதியம்: எல்ம்ஸ், அதுவும் பின்வாசல் வழியாக

ஒரே நாள் மட்டும் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் இரண்டாவது வீடு இதுதான். பெரும்பாலானவர்கள் பிரேக்கர்ஸுக்குப் பிறகு மார்பிள் ஹவுஸ் போவார்கள். நான் எல்ம்ஸைத்தான் சொல்வேன்.

இது எட்வர்ட் பெர்விண்ட் என்ற நிலக்கரி முதலாளியின் வீடு, 1901-இல் முடிந்தது, செலவு சுமார் 14 லட்சம் டாலர். ஹொரேஸ் டிரம்பவர் இதைப் பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆனியேர் மாளிகையைப் பார்த்து வடிவமைத்தார். வீட்டை வெளியிலிருந்து பாருங்கள், இரண்டு மாடிதான் தெரியும். மூன்றாவது மாடி ஒன்று இருக்கிறது, மேலே ஓடும் கல் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் மறைத்துவைத்திருக்கிறார்கள். பணியாளர்கள் தூங்கியது அங்கேதான். பணியாளர்கள் வந்துபோகும் வாசலின் மேல் கொடிப்பந்தல் படரவிட்டிருக்கிறார்கள், தோட்டத்தில் உலாவுகிற விருந்தாளியின் கண்ணில் அந்த வாசல் படாது. நிலக்கரி விற்றுச் சம்பாதித்தவர் தன் வீட்டுக்கு நிலக்கரி வருவது வெளியே தெரியக்கூடாது என்று, பக்கத்துத் தெருவிலிருந்து பூமிக்கடியில் சுரங்கம் வெட்டி, தண்டவாளம் போட்டு, தள்ளுவண்டியில் கொண்டுவரச் செய்தார்.

சர்வன்ட் லைஃப் சுற்றில் அந்தக் கொடிப்பந்தல் வாசல், பின்படிக்கட்டு, மேல்மாடி அறைகள், மொட்டை மாடி, கொதிகலன் அறை, சலவை அறை, கரிச் சுரங்கம் எல்லாம் காட்டுவார்கள். வீட்டில் சுமார் நாற்பது பேர் வேலை செய்தார்கள். மாடியில் நீளமான நடைபாதை, இருபுறமும் சின்னச் சின்ன அறைகள், மொட்டை மாடிக்கு வந்தால் துறைமுகம் வரை தெரியும். அவ்வளவு உயரத்தில் அவ்வளவு நல்ல காட்சி, நின்று பார்க்க எத்தனை பேருக்கு நேரம் இருந்திருக்கும் என்று தெரியவில்லை.

இந்தச் சுற்றில் மூன்று மாடிப் படிகளை ஒரே மூச்சில் ஏற வேண்டும், அதுவும் குறுகலான படிகள். மூட்டுவலி, இதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு வேண்டாம். அம்மாவை நான் இதற்குக் கூட்டிப்போகவில்லை, நான் மட்டும் போய்வந்து அன்று இரவு ஒவ்வொன்றாகச் சொன்னேன். படி ஏற முடியாதவர்கள் எல்ம்ஸின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தோட்டத்தில் உட்காரலாம், அந்தத் தோட்டம் ரொம்ப அமைதியானது.

பெர்விண்டுக்குப் பிறகு அவர் தங்கை ஜூலியா 1961-இல் இறக்கும் வரை இங்கே வீட்டை அதே பழைய முறையில் நடத்தினார். அவர் போனதும் சாமான்கள் ஏலத்தில் போயின, வீட்டை இடிப்பதாக இருந்தது. 1962-இல் சொசைட்டி 1,16,000 டாலர் கொடுத்துக் காப்பாற்றியது.

சாயங்காலம்: கிளிஃப் வாக்

மாளிகைகளின் பின்புறத்துக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் நடுவே பாறை விளிம்பில் மூன்றரை மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நடைபாதை. கட்டணம் கிடையாது, சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை யாரும் நடக்கலாம். கையில் பணம் இல்லாத மாணவர்கள் இதை மட்டும் நடந்துவிட்டுத் திரும்பினாலும் நியூபோர்ட் பார்த்ததாகத்தான் அர்த்தம்.

மெமோரியல் புல்வார்டில், ஈஸ்டன்ஸ் கடற்கரைக்குப் பக்கத்தில் தொடங்குங்கள். நாராகன்செட் அவென்யூ முடிகிற இடத்தில் ஃபார்ட்டி ஸ்டெப்ஸ் என்று கடலை நோக்கி இறங்கும் படிக்கட்டு வரும். மாளிகைகளில் வேலை செய்தவர்கள் ஓய்வு நேரத்தில் கூடிப் பாடி ஆடிய இடம் அது. எல்ம்ஸின் மேல்மாடியைப் பார்த்துவிட்டு வந்து அந்தப் படியில் உட்கார்ந்தால்தான் அது வெறும் படிக்கட்டாகத் தெரியாது. அதற்குச் சற்றுத் தெற்கே 2022 மார்ச்சில் பாதையின் ஒரு பகுதி இடிந்து கடலில் விழுந்தது, அந்த இடத்தில் தெரு வழியாகச் சுற்றிப்போகச் சொல்லிப் பலகை இருந்தால் அதை மீறி உள்ளே போக வேண்டாம்.

ரகிள்ஸ் அவென்யூ வரை பாதை சமமாக இருக்கும், வயதானவர்கள், குழந்தைகள் எல்லோருக்கும் சரி. அதற்குமேல் பாறை மேல் பாறையாகத் தாண்டிப்போக வேண்டும், இரண்டு சின்னச் சுரங்கங்கள் வேறு வரும். நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும், செருப்பு போட்டுக்கொண்டு போகாதீர்கள், அலை நனைத்த பாறை வழுக்கும். கழிப்பறை வழியில் அரிது, கிளம்பும்போதே போய்விடுங்கள்.

இரண்டாம் நாள்

காலையில் மார்பிள் ஹவுஸ். 1888-லிருந்து 1892 வரை கட்டியது, இதுவும் ஹன்ட் வடிவமைத்ததுதான். வில்லியம் வாண்டர்பில்ட் மனைவி ஆல்வாவின் 39-ஆவது பிறந்தநாளுக்குக் கொடுத்த பரிசு. மொத்தச் செலவு 1 கோடியே 10 லட்சம் டாலர், அதில் 70 லட்சம் பளிங்குக்கு மட்டும். சாப்பாட்டு அறையில் வெண்கல நாற்காலிகள் இருக்கின்றன, கனம் தாங்காமல் ஒவ்வொன்றையும் இழுத்துவிடப் பின்னால் ஒரு பணியாள் நிற்க வேண்டியிருந்தது.

ஆனால் இந்த வீட்டில் எனக்குப் பெரிதாகத் தெரிவது பளிங்கு அல்ல, ஆல்வா. 1895-இல், அந்தக் காலத்தில் அவருடைய வட்டத்தில் யாரும் துணியாத விவாகரத்தை வாங்கினார், வீடு அவர் பெயரில் இருந்ததால் அவரிடமே நின்றது. அதே வருடம் மகள் கான்சுவேலோவை, அவள் விருப்பத்துக்கு மாறாக, இங்கிலாந்தின் மார்ல்பரோ கோமகனுக்குக் கட்டிவைத்தவரும் இவர்தான். பிற்காலத்தில் பெண்களின் வாக்குரிமைக்காக இந்த வீட்டைத் திறந்துவிட்டு, கடலோரத்தில் சீன பாணியில் தேநீர் மண்டபம் கட்டி, 1914-இல் மாநாடு நடத்தினார். 'பெண்களுக்கு வாக்கு' என்று எழுதிய பீங்கான் கோப்பைகளில் தேநீர் கொடுத்தார்கள். புல்வெளியைத் தாண்டிப் போய் அந்த மண்டபத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

மதியத்துக்கு இரண்டு தேர்வு. நடனக்கூடம், இதய வடிவப் படிக்கட்டு, கல்யாணக் கனவு மாதிரியான வெள்ளை வீடு வேண்டுமென்றால் ரோஸ்கிளிஃப்: நெவாடா வெள்ளிச் சுரங்கத்தில் சம்பாதித்தவரின் மகள் தெரசா ஃபேர் ஓல்ரிக்ஸுக்காக ஸ்டான்ஃபோர்ட் வொயிட் கட்டியது, 1902-இல் முடிந்தது. சீக்கிரம் பார்த்து முடித்துவிடலாம். நான் பரிந்துரைப்பது ரஃப் பாயிண்ட். இது வேறு அமைப்பினுடையது, டிக்கெட்டும் தனி, எல்லா மாதமும் திறந்திருக்காது. புகையிலைப் பணத்துக்கு வாரிசான டோரிஸ் டியூக் 1993-இல் இறக்கும் வரை வைத்திருந்த வீடு, ஆகவே இது ஒருவர் வாழ்ந்த வீடாக இருக்கிறது: 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் கெயின்ஸ்பரோவின் ஓவியத்துக்குப் பக்கத்தில் சாதாரண நாற்காலி. அவர் இரண்டு ஒட்டகங்கள் வளர்த்தார், 1991-இல் பாப் புயல் வந்தபோது கடலைப் பார்த்த கண்ணாடி அறைக்குள் அவற்றைக் கொண்டுவந்து காப்பாற்றினார். 1968-இல் அவர் தொடங்கிய அமைப்புதான் நியூபோர்ட்டின் பழைய பகுதியில் எண்பதுக்கும் மேற்பட்ட 18-ஆம் நூற்றாண்டு வீடுகளைப் பழுது பார்த்துக் காப்பாற்றியது.

இன்னும் தெம்பு இருந்தால் கிங்ஸ்கோட், திறந்திருக்கும் நாளாகப் பார்த்து. 1841-இல் முடிந்த மரவீடு, ஜார்ஜியாவின் தோட்ட முதலாளிக்குக் கட்டியது, பளிங்கு மாளிகைகளுக்கு முந்தைய நியூபோர்ட் எப்படி இருந்தது என்று காட்டும். சாப்பாட்டு அறையின் கூரையில் தக்கை ஓடு பதித்திருக்கிறார்கள்.

சாப்பாடு

மாளிகைகளுக்குள் சாப்பிட விடமாட்டார்கள். தேம்ஸ் ஸ்ட்ரீட் போனால் நிறையக் கடைகள் இருக்கின்றன. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: இந்த ஊரின் பிரபலமான சவுடர் சூப்பில் சிப்பி கண்டிப்பாக உண்டு, பன்றி இறைச்சியும் இருக்கும், கேட்டு வாங்குங்கள். குழந்தைகளுக்குக் காபி மில்க் வாங்கிக்கொடுக்கலாம், பாலில் காபி சிரப் கலந்த ரோட் ஐலண்டின் அதிகாரபூர்வ மாநிலப் பானம். நாங்கள் எப்போதும் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய், ஓஷன் டிரைவில் பிரென்டன் பாயிண்ட் பூங்காவின் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். பட்டம் விட அவ்வளவு நல்ல காற்று, எல்லாவற்றையும் கல் வைத்து அமுக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

கிளம்புமுன் ஒரு மணி நேரம்

பெல்வியூ அவென்யூவோடு திரும்பிவிட வேண்டாம். ஊருக்கு வடக்கே ஃபேர்வெல் ஸ்ட்ரீட்டில் பொதுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, அதன் ஒரு பகுதிக்குக் காட்ஸ் லிட்டில் ஏக்கர் என்று பெயர். நியூபோர்ட்டில் அடிமைகளாகவும் சுதந்திர மனிதர்களாகவும் வாழ்ந்த ஆப்பிரிக்கர்களைப் புதைத்த இடம். ரோட் ஐலண்ட் வணிகர்கள் அனுப்பிய அடிமைக் கப்பல்கள் 900-க்கும் மேற்பட்ட தடவை ஆப்பிரிக்காவுக்குப் போய், ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களைக் கொண்டுபோயின. மாளிகைகளுக்கு நூறு வருடம் முந்தைய கதை இது. ஆனால் யார் உழைப்பில் யார் வீடு நின்றது என்று கேட்டுக்கொண்டே இந்த ஊரைச் சுற்றியவர்கள் இங்கே வராமல் போக முடியாது.

பாம்ப்பி ஸ்டீவன்ஸ் என்ற அடிமைச் சிற்பி, தான் வேலை செய்த கல்தச்சுப் பட்டறையில் பிறருக்குக் கல்லறைக் கல் செதுக்கிக்கொண்டிருந்தவர். 1768 டிசம்பரில் இறந்த தன் சகோதரன் கஃபி கிப்ஸுக்கு அவர் செதுக்கிய கல்லில், இதை வெட்டியவன் பாம்ப்பி ஸ்டீவன்ஸ் என்று தன் பெயரையும் பொறித்துவைத்தார். ஸ்லேட் கல், எழுத்து தேய்ந்திருக்கும், தொடாமல் பாருங்கள். சாய்வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் போனால் படிக்க எளிது. கட்டணம் இல்லை, பெல் பாலத்துக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது.